சராசரியில் மறையும் இரைச்சல்

லண்டன் மாநகரின் மேற்கே ஹீத்ரோ விமான நிலையம் உள்ளது. அதன் இரண்டே ஓடுபாதைகளில் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆண்டுக்கு 4,80,000 முறை இயங்க அனுமதி உண்டு. மேற்குக் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் நகரின் தலைக்கு மேலாகவே வந்து இறங்குகின்றன. சுற்றுப்புறங்களில் ஒலிவாங்கிகள் அமைத்து இரைச்சலைப் பதிவு செய்கிறார்கள்; விமானம் சென்ற வழியை ரேடார் காட்டுகிறது. அளக்கும் முறையில் பெரிய குறை காண்பதற்கில்லை. அளந்ததை மக்களுக்கு எடுத்துரைக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரையிலான 92 நாட்களில், காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை ஓரிடத்தில் சேரும் ஒலியாற்றல் முழுவதையும் சராசரியாக்கி ஒரே டெசிபல் எண்ணாகத் தருகிறார்கள். 1990 முதல் நெடுங்காலம் 57 டெசிபல் என்பதே மக்களுக்குக் குறிப்பிடத்தக்க தொல்லை தொடங்கும் எல்லையாகக் கொள்ளப்பட்டது. வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கு வெளியே வீடு இருந்தால், அங்கு வாழ்பவர் தொல்லைக்குள்ளானோர் கணக்கில் சேரமாட்டார்.

இந்த எண் எதை மறைக்கிறது என்பதை என் மாணவர்களுக்கு ஒரு கணக்காகவே கொடுப்பதுண்டு. ஒரு விமானம் கடக்கும்போது வரும் ஒலியாற்றல் முழுவதையும் ஒரே விநாடியில் அடைத்தால் 90 டெசிபல் ஆகிறது என்க. 16 மணி நேரம் என்பது 57,600 விநாடிகள். இத்தகைய விமானங்கள் 29 கடந்தால் சராசரி 57 டெசிபல் வரும். விமானங்களின் ஓசை 10 டெசிபல் குறைந்து, எண்ணிக்கை 290 ஆனாலும் அதே 57தான்! முன்னதில் அரை மணிக்கு ஒருமுறை பேச்சு தடைப்படுகிறது. பின்னதில் மூன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் ஒன்றே என்று யாராவது ஒப்புவார்களா?

1963-ல் வில்சன் குழுவின் அறிக்கை தந்த பழைய குறியெண் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. அதில் எண்ணிக்கையின் மடக்கை 15-ஆல் பெருக்கப்பட்டது. புதிய முறையில் 10-ஆல் மட்டுமே. மேற்கண்ட கணக்கில் பழைய குறியெண் 5 கூடியிருக்கும். 1982-ல் நடந்த கருத்தாய்வு புதிய முறைக்கு ஆதரவாக இருந்தது என்பது உண்மையே. ஆனால் அன்று விமானங்கள் குறைவு. ஒவ்வொன்றின் ஓசையும் மிகுதி. அந்த நிலைக்குப் பொருந்திய விதி, ஓசை குறைந்து எண்ணிக்கை பெருகிய பின்னும் பொருந்தும் என்பதற்கு என்ன உறுதி?

2014-ல் நடந்த கருத்தாய்வு இதற்கு விடை தந்தது. முன்பு 57-ல் காணப்பட்ட அதே அளவு வெறுப்பு இப்போது 54-லேயே காணப்பட்டது. 3 டெசிபல் சிறிய வேறுபாடன்று. ஒலியாற்றல் பாதியாகும் அளவு அது. 2017-ல் பிரிட்டிஷ் அரசு, தீங்கு தென்படத் தொடங்கும் அளவாக 51 டெசிபலை ஏற்றது. கோடு நகர்ந்தது நல்லதே. எனினும் முதன்மை அளவு இன்றும் சராசரிதான். வீடுகளுக்கு ஒலித்தடுப்பு உதவி யாருக்கு என்பதையும் இத்தகைய கோடுகளே தீர்மானிக்கின்றன.

மாற்று வழி இல்லாமலில்லை. சிட்னியில் 1994-ல் மூன்றாவது ஓடுபாதை திறந்ததும், கோட்டுக்கு வெளியே இருந்தவர்களும் கொதித்தெழுந்தார்கள். அதன்பின் 2000-ல் ஆஸ்திரேலிய அரசின் அறிக்கை ஒன்று எளிய முறையைப் பரிந்துரைத்தது: 70 டெசிபலைத் தாண்டும் விமானங்கள் ஒரு நாளில் எத்தனை என்று சொல்லிவிடுவது. இவ்வகை எண்ணிக்கையைப் பிரிட்டனும் பின்னர் துணை அளவாக ஏற்றது. துணையாக நிற்பது போதாது. சராசரிக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும்.

சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தரும். 'எவ்வளவு ஆற்றல்?' என்று கேட்டுவிட்டு, 'எத்தனை முறை விழித்தாய்?' என்பதற்கு அதையே விடையாகக் காட்டுவது அறிவியலாகாது.