டிரைவர் இல்லாத பிரிண்டர்கள்

பட்டா, சிட்டா, வருமானச் சான்றிதழ், தேர்வு ஹால் டிக்கெட் எல்லாமே இன்று இணையத்தில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அவற்றைக் கேட்கிற இடங்களில் இன்னமும் பெரும்பாலும் தாளில்தான் கேட்கிறார்கள். அதனால்தான் வாலாஜாபாத் வட்டாரத்தில், பெரிய ஏரியை ஒட்டியிருக்கும் தென்னேரி மாதிரியான ஊர்க்காரர்களுக்கு ஜெராக்ஸ் கடை அவ்வளவு முக்கியம். அந்தக் கடையின் பிழைப்பு ஒரு பிரிண்டரில் இருக்கிறது. கணினிக்குப் புது விண்டோஸ் போட்ட மறுநாள் அந்தப் பிரிண்டர் வேலை செய்யாவிட்டால், நஷ்டம் கடைக்காரருக்கு மட்டும் இல்லை. கடைசித் தேதியில் விண்ணப்பம் கொடுக்க வந்த மாணவிக்கும்தான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு தவணை கொடுத்தது. எக்ஸ்பிக்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் இப்படித்தான் கெடு வைக்கப்பட்டது. ஆனால் இம்முறை ஒன்று கூடுதல்: விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. இரண்டு ஜி.பி. ரேமோடு 32-பிட் விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த கணினியை மாற்றுகிறவர், 32-பிட் டிரைவர் மட்டுமே உள்ள பிரிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிறது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால் ரோலர் நன்றாக இருக்கும். டோனர் நிறைந்திருக்கும். செல்ஃப் டெஸ்ட் போட்டால் தாள் பளிச்சென்று வரும். கணினித் திரையில் மட்டும், பெயர் தெரியாத ஏதோ ஒரு கருவி இணைந்திருக்கிறது என்று மஞ்சள் முக்கோணம் காட்டும்.

இப்படி ஆவதற்குக் காரணம் பிரிண்டர் செய்யும் முறையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் கடைகளிலும் ஏறக்குறைய இருபது வருடமாகப் புழங்கும் இரண்டு லேசர் பிரிண்டர்களை எடுத்துக்கொள்ளலாம்: கேனான் எல்பிபி 2900, எச்.பி. லேசர்ஜெட் 1020. எச்.பி.யின் லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் செய்து கொடுப்பதே கேனான்தான். இந்த இரண்டு மாடல்களின் டோனர் பெட்டிகளும் ஏறத்தாழ ஒன்றே. ரீஃபில் செய்கிறவர் இரண்டையும் 12ஏ என்றே சொல்வார், ஒரே பவுடரைக் கொட்டுவார். டிரம், பிளேடு என்று எது தேய்ந்தாலும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். உடலளவில் இவ்வளவு நெருக்கமான இரண்டும் கணினியோடு பேசும் மொழியில் மட்டும் ஒட்டவே ஒட்டாது. கேனானுக்கு கேப்ட் என்ற தனி மொழி, எச்.பி.க்கு வேறொன்று. இரண்டையும் அந்தந்த நிறுவனம் பொதுவில் விளக்கி வெளியிடவில்லை. பக்கத்தில் எங்கே மை விழ வேண்டும் என்ற கணக்கையெல்லாம் கணினிக்குள் இருக்கும் டிரைவரே போட்டு முடிக்கிறது. பிரிண்டர் அந்தப் புள்ளிகளை வாங்கித் தாளில் இறக்குகிறது, அவ்வளவே. எச்.பி. 1020 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அதன் உள் நிரலையே கணினி மறுபடி ஏற்ற வேண்டும்.

இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு குறை சொல்லிவிட முடியாது. தனிச் செயலி, நிறைய நினைவகம், எழுத்துருத் தொகுப்பு எதுவும் தேவைப்படாததால்தான் லேசர் பிரிண்டர் பெரிய கம்பெனிகளிலிருந்து இறங்கிச் சிற்றூர்க் கடைக்கு வந்தது. தமிழுக்கும் இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எழுத்தைப் படமாக்கும் வேலை கணினியிலேயே முடிந்துவிடுவதால், பிரிண்டருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கணினியில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அது அப்படியே தாளில் வரும். கல்யாணப் பத்திரிகையின் மாதிரியும் கிராம சபைத் தீர்மானமும் விலை குறைந்த பிரிண்டரில் ஒழுங்காக அச்சானது இதனால்தான்.

ஆனால் அந்த மலிவு விலைக்குள் ஒரு காலக்கெடு ஒளிந்திருந்தது. வாங்கியவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. பிரிண்டரின் மூளை கணினியில் இருக்கிறது என்றால், அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதை முடிவு செய்கிறவர்கள் இரண்டு பேர்: இயங்குதளம் எழுதுகிற நிறுவனமும் பிரிண்டர் விற்ற நிறுவனமும். வாங்கியவருக்கு அதில் பேச்சே இல்லை. ஆப்பிள் 2019-இல் கேட்டலினா பதிப்பில் 32-பிட் நிரல்களைக் கைவிட்டபோது பல பழைய பிரிண்டர் டிரைவர்கள் அதோடு போயின. விண்டோஸ் பக்கம் நிலைமை இதைவிடத் தேவலாம். எல்பிபி 2900-க்கு 64-பிட் டிரைவர் உண்டு, தேடிப் பிடித்துப் போட்டால் பெரும்பாலும் ஓடும். அந்தத் தேடலில்தான் ஆபத்தும் இருக்கிறது. டிரைவர் தருவதாகச் சொல்லி வைரஸைத் தலையில் கட்டும் தளங்கள் ஏராளம். அவசரத்தில் இருக்கிற கடைக்காரர் முதலில் வரும் இணைப்பைத்தான் அழுத்துவார்.

காஞ்சிபுரத்துப் பட்டு ஜவுளிக் கடைகளுக்குப் போனால் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்கலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று இன்னும் பில் போட்டுக்கொண்டிருக்கும். ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கு விற்பனைக்கு மூன்று பிரதி விலைப்பட்டியல் வேண்டும். ரிப்பனை ஊசி தட்டுகிற ஒரே அடியில் மூன்று தாளிலும் எழுத்து விழுவது இந்த இயந்திரத்தில்தான். எப்சன் 1980-களில் கொண்டுவந்த இஎஸ்சி/பி என்ற கட்டளை மொழியையே டிவிஎஸ் உட்படப் பல நிறுவனங்கள் தங்கள் பிரிண்டர்களிலும் வைத்தன. அந்த மொழி வெளியில் தெரிந்த ஒன்று. டாஸ் காலத்தில் வாங்கிய பிரிண்டரைக்கூட, சரியான கேபிள் கிடைத்தால், இன்றைய விண்டோஸில் இருக்கும் பொதுவான எழுத்து டிரைவரை வைத்து ஓட்டிவிடலாம்.

பட்டு நெசவில் ஜக்கார்டு அட்டையும் இதே நியாயத்தில்தான் நடக்கிறது. ஒரே அளவுள்ள ஜக்கார்டு பெட்டிக்குத் துளையிட்ட அட்டைக் கோவையை ஒரு தறியிலிருந்து அவிழ்த்து இன்னொரு தறியில் ஏற்றலாம். துளைகளின் இடைவெளி எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு. பெட்டி செய்தவர் கடையை மூடிவிட்டாலும் அன்னமும் யாளியும் முந்தானையில் வந்துகொண்டேதான் இருக்கும்.

டாட் மேட்ரிக்ஸைப் புகழும்போது அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பொது எழுத்து டிரைவரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் வேகமாக வரும், தமிழ் வராது. பிரிண்டரின் உள்ளே தமிழ் எழுத்துகள் இல்லாததால் வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கும். தமிழை அச்சிட வேண்டுமென்றால் படமாக மாற்றும் டிரைவர் வேண்டும், அப்போது வேகமும் குறையும். திறந்த மொழி இருந்தும் தமிழ் பில்லுக்கு மறுபடி டிரைவரிடமே போக வேண்டியிருக்கிறது.

இயங்குதளம் எழுதுகிறவர்கள் பழைய டிரைவர்களை ஏன் துரத்துகிறார்கள்? அவர்கள் சொல்லும் காரணம் வலுவானது. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் விண்டோஸில் மிக உயர்ந்த உரிமையோடு ஓடுகிறது. யார் யாரோ எழுதிய டிரைவர்கள் அதன் வழியாகத்தான் கணினிக்குள் வருகின்றன. ஈரானின் அணு நிலையத்தைத் தாக்கியதாக 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இந்த ஸ்பூலரில் இருந்தது. 2021 ஜூலையில் வந்த பிரிண்ட்நைட்மேர் ஓட்டை, உலகம் முழுக்க ஸ்பூலரையே அணைத்து வைக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் மருந்து கொடுத்த விதம் சரியில்லை. 2021 செப்டம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு, ஒரு கணினியில் பொருத்திய பிரிண்டரை மற்ற கணினிகளோடு பகிர்ந்துகொண்ட அலுவலகங்களில் 0x0000011b என்ற பிழை எண் வரத் தொடங்கியது. ஒரே பிரிண்டரை நான்கு மேசைக்கு வைத்திருக்கும் சிறிய அலுவலகங்களே இதில் அதிகம் சிக்கின. அவசரத்தில் பலர் செய்தது ஒன்றுதான்: அந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்பையே கழற்றி எறிந்தார்கள். ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பை அணைக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போன சர்வீஸ்காரர்களும் உண்டு. பிரிண்ட் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்ற கேள்வியை ஒரு குமாஸ்தாவின் முன் வைத்தால் அவர் பிரிண்டைத்தான் எடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு நீண்ட காலத் திட்டத்தை அறிவித்தது. பிரிண்டர் நிறுவனங்களின் புதிய டிரைவர்களை 2026 ஜனவரிக்குப் பிறகு விண்டோஸ் அப்டேட்டில் ஏற்பதில்லை. 2026 ஜூலை முதல் தன்னுடைய பொது டிரைவருக்கே முன்னுரிமை. 2027 ஜூலைக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு மாற்றங்களுக்கு இடமில்லை. ஏற்கெனவே ஓடும் டிரைவர்கள் இதனால் நின்றுவிடாது, நிறுவனத்தின் இன்ஸ்டாலரைக் கொண்டு தனியாகப் போட்டுக்கொள்ளவும் தடையில்லை. எல்லாப் பிரிண்டர்களும் ஐபிபி என்ற பொது நெறிமுறையில் பேச வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். 1999-இல் முதல் வடிவம் கண்ட நெறிமுறை அது. ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் அதன் மேல் கட்டப்பட்டது. இதே நோக்கத்தோடு 2013-இல் மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கிய நான்கு நிறுவனங்களில் கேனானும் எச்.பி.யும் இருந்தன.

இது சரியான திசை. இன்று ஐபிபி உள்ள பிரிண்டரை வாங்குகிறவர் அடுத்த விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ மாறும்போது டிரைவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. ஆனால் யூஎஸ்பி மட்டுமே உள்ள எல்பிபி 2900 போன்ற பழைய பிரிண்டர்கள் இந்தப் புது ஏற்பாட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. கூட்டுறவு வங்கியின் பாஸ்புக் பிரிண்டர், தொடர் தாள் ஓட்டும் பில் பிரிண்டர், லேபிள் பிரிண்டர் போன்றவற்றின் தனித் தேவைகளைப் பொது டிரைவர் முழுதாகச் சமாளிப்பதில்லை. மாற்றமும் எப்போதும் சுமுகமாக நடப்பதில்லை. 2025 ஜனவரி கடைசியில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, யூஎஸ்பியில் இணைந்த சில பிரிண்டர்களில் ஒரு விசித்திரமான கோளாறை உண்டாக்கியது. பிரிண்டர் தன் உள்ளேயே வாங்கிக்கொள்ள வேண்டிய ஐபிபி கட்டளை வரி, தாளில் ஆங்கில எழுத்தாக அச்சாகி வந்து விழுந்தது. யாரும் பிரிண்ட் கொடுக்காமலே அது தாளைத் தின்றது. திருத்தம் மார்ச்சில்தான் வந்தது.

இயங்குதளம் மாறும்போது பிரிண்டர் தடுமாறுவதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2007 வாக்கில் மாநில அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. எக்ஸ்பி ஓய்வு பெற்ற 2014-இல், பழைய கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் போடும்படி மாநில அரசு துறைகளுக்குச் சொன்னது. செலவிலும் பாதுகாப்பிலும் நல்ல யோசனை. ஆனால் மேசையில் இருந்த பிரிண்டர்கள் விண்டோஸை மனதில் வைத்துச் செய்தவை. கேனானின் லினக்ஸ் டிரைவரில் 32-பிட் பகுதிகள் மூடிய நிலையில் இருந்தன. அதை ஓட வைப்பது சாதாரண ஊழியரால் ஆகிற காரியமில்லை. எச்.பி. 1020-க்கு ரிக் ரிச்சர்ட்சன் என்ற தனி மனிதர் அந்த மூடிய மொழியை ஆராய்ந்து எழுதிய திறந்த டிரைவர் இருந்ததால் அது பிழைத்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூல நிரல் மறுக்கப்பட்டதைத் தன்னை மாற்றிய நிகழ்ச்சிகளில் ஒன்றாக ரிச்சர்ட் ஸ்டால்மன் சொல்லிவருகிறார். 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார்.

நிறுவனம் ஒரு மாடலுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திக்கொள்ளட்டும். காலத்துக்கும் எழுதச் சொல்வது நியாயமில்லை. நிறுத்தும் நாளில் அந்தப் பிரிண்டரின் மொழியை வெளியிட வேண்டும் என்று கேட்பது நியாயம். விற்று முடிந்த மாடலின் கட்டளைப் பட்டியலில் காக்க வேண்டிய வியாபார ரகசியம் என்ன மிச்சமிருக்கும்? 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகள் பிரிண்டரையும் தயாரிப்பாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்பு, பொருள் குப்பைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. குப்பைக்கு வராமல் தடுக்கும் இடம் டிரைவர். அரசுத் துறைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் டெண்டரில் இரண்டு நிபந்தனை சேர்த்தால் சந்தை தானாகத் திரும்பும்: பிரிண்டர் ஐபிபியில் பேச வேண்டும், டிரைவர் ஆதரவு எந்த ஆண்டு வரை என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும்.

அதுவரை கடைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார்கள். பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பிரிண்டரோடு ஒரு ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். புதுக் கணினியில் சான்றிதழை இறக்கி, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் அங்கே கொண்டுபோய்ப் பிரிண்ட் போடுகிறார்கள். இதற்கு இடமும் கூடுதல் மின்சாரமும் வேண்டும், பென்டிரைவ் வழியாக வைரஸ் போகும் அபாயமும் இருக்கிறது. ஆனாலும் புதுப் பிரிண்டருக்குப் பணம் சேரும் வரை வேலை நடக்கிறது. அப்கிரேடு செய்யப் போகிறவர்கள் அதற்கு முன்பே நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து 64-பிட் டிரைவரை இறக்கிப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. நிறுவனங்கள் பழைய மாடல்களின் பக்கங்களை முன்னறிவிப்பு இல்லாமலே நீக்கிவிடுவதுண்டு.