கையெழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில்

போன வருடம் ஒரு புதன்கிழமை மதியம், பதினொரு பையன்களோடு உட்கார்ந்து 'ஜகாட்' பார்த்தேன். கடைவீட்டு மேல்மாடி. ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி இருட்டாக்கியிருந்தோம். அப்பா அடிக்கும்போதெல்லாம் பையன்கள் சிரித்தார்கள். துரை வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், ஏழு வாரமாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியிராத ஒருவன் கேட்டான்.

"அண்ணே, அப்புறம் என்னா ஆச்சு?"

"அவ்வளவுதான்டா. முடிஞ்சிருச்சு."

"இல்லண்ணே. புடிச்சிருப்பாங்கள்ல? அதுக்கப்புறம்?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் படித்த கதைகளிலும் இல்லை.

நான் தொழிற்சாலையில் ஷிப்ட் பொறியியலாளர். ஓய்வு நாள் பெரும்பாலும் வாரத்தின் நடுவில் வரும். வயரிங் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு நண்பன் கூப்பிட்டான், போனேன். சிறுவர் நீதிமன்றத்துக்குப் போய்வந்து, பிணைப் பத்திரத்திலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ இருக்கும் பையன்கள். 14 முதல் 17 வயது. பள்ளியிலிருந்து நின்றவர்கள். காலை ஒன்பதுக்கு ஒரு கையெழுத்து, மாலை நாலுக்கு ஒரு கையெழுத்து. நடுவில் உள்ள ஏழு மணி நேரத்துக்கு நாங்கள் பொறுப்பு. வழக்கில் உள்ள சிறுவனை அடையாளம் காட்டக்கூடாது என்பது சட்டம். அதனால் இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். நீதிபதி என்னவெல்லாம் செய்யலாம் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. எச்சரித்து அனுப்பலாம், பிணைப் பத்திரம் வாங்கலாம், அபராதம் போடலாம், கண்காணிப்பில் வைக்கலாம், ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பலாம். 2016 திருத்தத்தில் சமூக சேவை உத்தரவும் சேர்ந்தது. பெற்றோரைப் பட்டறைக்கு வரச்சொல்லவும் இடமிருக்கிறது. லோரி ஓட்டும் ஓர் அப்பா அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, பின்வரிசையில் தூங்கிப்போனார். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் மேற்பார்க்கும் அதிகாரியை மலாயில் 'பெகாவாய் அக்லாக்' என்கிறோம், தமிழில் நன்னடத்தை அதிகாரி. இரண்டிலுமே ஒழுக்கம் பெயரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'புரொபேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருப்பது சோதனைக்காலம் மட்டும்தான். நாம் எழுதும் கதைகளும் நம் சொல்லைப் போலத்தான், பையன் நல்லவனாக ஆனானா இல்லையா என்பதை மட்டும் பார்க்கின்றன.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் வந்தது. மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. மலாய் 'ஜஹாட்' நம் வாயில் 'ஜகாட்' ஆனதைத் தலைப்பாக வைத்ததிலேயே அவருக்கு இந்த மண் தெரியும் என்று தெரிந்துவிடுகிறது. தோட்டம் கைவிட்ட குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், படி படி என்று அடிக்கும் அப்பா மணியம், கும்பலில் ஒரு சித்தப்பா, போதையிலிருந்து மீண்ட இன்னொரு சித்தப்பா. ஒரு பையன் ஏன் அந்தப் பக்கம் போகிறான் என்பதை இவ்வளவு நியாயமாகச் சொன்ன படம் நம்மிடம் வேறு இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அப்போய் எந்தப் பக்கம் போகிறான் என்பது தெரிந்த இடத்தில் படம் நின்றுவிடுகிறது. என் மாடியில் உட்கார்ந்திருந்த பதினொரு பேருக்கும் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் சிறுகதைகளில் நிலைமை இன்னும் மோசம். போட்டித் தொகுப்புகளில் நான் படித்த 'வழிதவறிய பையன்' கதைகளில் கடைசிப் பத்தி இரண்டு வகைதான். ஒன்று, சாக்கடை ஓரத்தில் பிணம். இன்னொன்று, லோக்காப் கம்பிக்குப் பின்னால் அம்மாவை நினைத்து அழுகை. அழுதவன் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கே போய்க் கையெழுத்துப் போட்டான் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. என்ன நடக்கிறது அங்கே? ஒன்றுமே நடக்காது. சலிப்பு. மீ கோரேங். மின்விசிறிச் சத்தம். "அண்ணே, மணி என்னா?"

இந்தச் சலிப்பைப் படமாக்கியவர் ஒருவர் இருக்கிறார். கென் லோச். 2012இல் வந்த 'தி ஏஞ்சல்ஸ் ஷேர்'. கிளாஸ்கோ. அடிதடி வழக்கில் ராபிக்கு 300 மணி நேர சமூக சேவை கிடைக்கிறது. அவன் நம் பையன்களைவிட மூத்தவன், அப்பாவாகப் போகிறவன். ஆனாலும் படத்தின் முதல் பாதியை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன், அவ்வளவு அப்பட்டம். வரிசையில் நிற்கும் விதம், வேலையைத் தள்ளிப்போடும் விதம், மேற்பார்வையாளர் ஹாரி கெஞ்சலுக்கும் அதட்டலுக்கும் நடுவில் ஒரு குரலைத் தேடும் விதம். அந்தக் குரலை நானும் தேடியிருக்கிறேன்.

பிறகு ராபிக்கு விஸ்கியை மோப்பம் பிடிக்கும் அபூர்வ மூக்கு இருப்பது தெரிகிறது. அதோடு படம் கண்காணிப்பை விட்டுத் திருட்டுக்குப் போய்விடுகிறது. ஜாலியான திருட்டுதான், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு இரண்டு மனக்குறை.

முதலாவது, ஹாரி. ஹாரி செய்யும் நல்லதெல்லாம் படிவத்துக்கு வெளியே நடக்கிறது. ராபியை வீட்டுக்குக் கூட்டிப்போகிறான், எல்லோரையும் விஸ்கி வடிசாலைக்குக் கூட்டிப்போகிறான். நல்லவனாக இருக்க லோச் அவனுக்கு வேலை நேரத்துக்கு வெளியே இடம் கொடுத்துவிட்டார். நேரத்துக்குள்ளே, பேனா கையில் இருக்கும்போது என்ன செய்வான் என்பதைக் காட்டவில்லை. 'அப்புறம்?' என்று கேட்ட அதே பையன் பிற்பாடு கார் கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாளைக்கு 40 வெள்ளி. வராத இரண்டு நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னான். "நல்ல வேலைக்குத்தானே போனேன்?" என்றான். அவன் சொன்னது சரி. நான் போடவில்லை. வராத நாள் சேர்ந்தால் அறிக்கை அதிகாரிக்குப் போகும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் போகலாம். பொய்க் கையெழுத்து வெளியே தெரிந்தால் மற்றப் பத்துப் பேரின் தாளுக்கும் மதிப்பில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் அவன் வரவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஹாரிக்கு இப்படி ஒரு காட்சி கொடுத்திருந்தால் அது வேறு படமாகியிருக்கும்.

இரண்டாவது, அந்த மூக்கு. அப்போய்க்குக் கற்பனை, ராபிக்கு மூக்கு. கலைஞர்களுக்குக் குற்றம் செய்த பையனைப் பிடிக்க அவனிடம் ஏதாவது ஒரு மினுக்கம் தேவைப்படுகிறது. நன்கொடை கேட்கும் கடிதங்களிலும் அப்படித்தான். ஒவ்வொரு பையனுக்குள்ளும் ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்று நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். எங்கள் பதினொரு பேரில் ஒருவன் நன்றாக வரைவான். ஒருவனுக்கு சோல்டரிங்கில் கை நிற்கும். மீதி ஒன்பது பேர் சாதாரணம். என்னைப் போல. நான் படித்த பல்கலைக்கழகத்திலும் பாதிப் பேர் சாதாரணம்தான். எங்களிடம் யாரும் மூக்கைக் காட்டச் சொல்லவில்லை, இருந்தும் நாலு வருடம் உட்கார இடம் கொடுத்தார்கள். இந்தச் சாதாரணப் பையனை வைத்து நாலு பக்கம் எழுத முடியுமா? அவன் திருந்தவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். புதன்கிழமை வந்தான், மூன்று முனை பிளக்கில் வயரை மாற்றி மாட்டினான், திட்டு வாங்கினான், நாலு மணிக்குப் போனான். தமிழில் அந்தக் கதைக்காகத்தான் காத்திருக்கிறேன். நானே முயன்று பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் அவனுக்கு நன்றாகப் பாட வரும் என்று எழுதிவிட்டு, கிழித்துப் போட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் அக்காதான் கடைசியில் அதிகாரியிடம் பேசினார். கார் கழுவும் வேலை இருப்பதால் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். இப்படிக் கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை. அவன் இப்போது புதன்கிழமை வருகிறான். முக்கால்வாசி நேரம் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான். என்னிடம் பேச்சு மறுபடி குறைந்துவிட்டது.

அடுத்து என்ன படம் போடலாம் என்று அக்கா கேட்டார். 'தி ஏஞ்சல்ஸ் ஷேர்' என்றேன். கதையைக் கேட்டார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பையனுங்களுக்கு, விஸ்கி திருடித் தப்பிச்ச கதையா?"