சுகாதாரப் பிரசாரமும் புலம்பெயர்ந்தோர் பண்பாடும்

பொதுச் சுகாதாரச் செய்திகளைப் புலம்பெயர்ந்து வாழும் மக்கள் ஏற்கத் தயங்கும்போது, அதற்குரிய காரணத்தை அவர்தம் பண்பாட்டிலே தேடுவது ஆய்வாளர் பலரிடம் வழக்காகிவிட்டது. முன்னர் 'அறியாமை' எனப்பட்டது இன்று 'பண்பாட்டுத் தடை' எனப்படுகின்றது. சொல் மாறியுள்ளதேயன்றி நோக்கு மாறவில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களின் வரலாறு இக்கருத்தினைச் சோதித்தறிவதற்கு உகந்த களமாகும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் நோய்பற்றிய தம் நம்பிக்கைகளையும் உடன் கொண்டுவந்தனர். பெரியம்மையை மாரியம்மனின் வருகையாகக் கொண்டமை அவற்றுட் குறிப்பிடத்தக்கது. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுதல், வீட்டார் பிறர்மனை செல்லாதிருத்தல் ஆகியன வழிபாட்டு நெறிகளாயினும், நோயாளியை ஒதுக்கிவைக்கும் பயனையும் ஓரளவு அளித்தன. எழுத்தறியாதாரும் வேப்பிலையின் பொருளை அறிந்திருந்தனர். அதேவேளை, அம்மைப்பால் குத்துவது அம்மனின் சினத்தைத் தூண்டும் என்ற அச்சமும் இந்நம்பிக்கையினின்றே பிறந்தது. எனவே பண்பாடு துணையுமாகும், தடையுமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் பண்பாடே முழு விளக்கமாகிவிடாது. 1916 இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால், மலசலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தோரை நோய் மீண்டும் பற்றியது. மலசலகூடம் அமைப்பதற்கான செலவு தோட்ட நிருவாகத்தைச் சார்ந்தது. அதனை ஏற்கத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். இல்லாத மலசலகூடத்தைப் பயன்படுத்துமாறு கூறும் அறிவுரை செவிசாய்க்கப்படாமைக்குக் கேட்போரின் பண்பாட்டைக் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

செய்தியைச் சொல்வோர் யாவர் என்பதும் இங்கு கருதற்பாலது. மண்டபம் முகாமிற் தடுத்துவைக்கப்பட்டு உடற்சோதனைக்குள்ளாகியவர்களும், தோட்டத்திலே துரையினதும் கங்காணியினதும் ஆணைவழி மருந்தருந்தியவர்களும் இத்தொழிலாளர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இத்தகையோர் அதிகாரத்தின் குரலை ஐயத்துடன் கேட்பதை மூடநம்பிக்கை எனக் கொள்வது தவறு. அது பட்டறிவின் விளைவாகும்.

பிரசுரங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பதும் வேப்பிலைப் படம் பொறிப்பதும் வேண்டற்பாலனவே. எனினும் அவை மாத்திரம் போதா. ஒரு சமூகத்தின் நம்பிக்கைகளைப் பட்டியலிடும் ஆய்வாளன், அச்சமூகம் வாழும் லயத்தில் எத்தனை நீர்க்குழாய்களும் மலசலகூடங்களும் உள்ளன என்பதையும் எண்ணுதல் வேண்டும். அதன் பின்னரே பண்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதை அவன் வரையறுக்க இயலும்.