'அகல் விளக்கு': சந்திரன் வீழ்ந்தது எதனால்?

இளைஞர்க்கென்று தனியே நாவல் எழுதும் வழக்கம் தமிழில் வேரூன்றுவதற்கு முன்பே, பதினாறு பதினேழு வயதினர் கையில் கொடுக்கத்தக்கவை என்று தமிழாசிரியர்கள் எடுத்துக் காட்டியவை டாக்டர் மு. வரதராசனாரின் நூல்கள். அவற்றுள் 1958-இல் வெளிவந்து, 1961-இல் சாகித்திய அகாதெமியின் பரிசு பெற்ற 'அகல் விளக்கு' தனிச்சிறப்புடையது. ஆயினும் வகுப்பறையில் அது படும் பாடு இரங்கத்தக்கது. கரு, கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, படிப்பினை என்று நான்கு கட்டங்கள் போட்டு, சந்திரன் கெட்டவன், வேலய்யன் நல்லவன் என்று எழுதி முடித்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. நாவல் கிடைப்பதில்லை.

கதையின் போக்கு யாவரும் அறிந்ததே. வாலாசாவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் பள்ளித் தோழர் இருவர். பெருங்காஞ்சியிலிருந்து வந்த சந்திரன் அழகன், கணக்கில் சூரன். வேலய்யன் படிப்பில் பின்தங்கியவன். முன்னவன் சென்னைக் கல்லூரியில் சரிந்து, எவருக்கும் சொல்லாமல் மறைந்து, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் காலம் கழித்து, திரும்பி வந்து வள்ளியை மணந்து, அவளை இழந்து, நோயுற்று மாய்கிறான். பின்னவன் மெல்ல ஊர்ந்து உத்தியோகம், இல்லறம் என்று நிலைபெறுகிறான். மின்னல் ஒன்று, அகல் ஒன்று. பெயரிலேயே ஆசிரியர் தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார் எனலாம்.

ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் வாய் யாருடையது என்பதை மாணவரிடம் கேட்பவர் சிலரே. கதை முழுவதும் வேலய்யன் கூற்று. சந்திரன்பால் அவன் கொண்ட அன்பு முதல் ஏட்டிலிருந்து இறுதிவரை தணிவதில்லை. டிக்கன்ஸ் 1850-இல் நூலாக்கிய 'டேவிட் காப்பர்பீல்டு' நாவலில் ஸ்டியர்போர்த்து என்னும் அழகிய தோழன் ஒரு குடும்பத்தையே குலைத்துவிடுகிறான். டேவிடுக்கு அவன்மேல் உள்ள பற்று அப்போதும் அறுவதில்லை. இங்கும் அதே உறவுதான். டிக்கன்ஸ் தம் பாத்திரத்தைப் புயலில் ஒரே இரவில் மூழ்கடித்தார், மு.வ. பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் சாய்க்கிறார். இதனால் நாவல் ஒழுக்க நூலாக மட்டும் நின்றுவிடாமல், ஒரு நண்பனின் புலம்பலாகவும் அமைகிறது. கெட்டவனுக்காக யாரும் இவ்வளவு பக்கங்கள் அழமாட்டார்கள்.

சந்திரனின் வீழ்ச்சிக்கு வித்து எங்கே? இமாவதியிடத்தில் என்று விடை எழுதும் மாணவர் பலர். ஆணும் பெண்ணும் பழகியதால் வந்த கேடு என்று விளக்கம் கூறும் ஆசிரியரும் உண்டு. நாவலை ஊன்றிப் படித்தால் இது பொருந்தாது. இமாவதி குற்றமற்றவள். அவள் நட்பாகப் பேசினாள். அவன் அதைக் காதல் என்று கொண்டான். அவள் வேறொருவரை மணக்கப் போகிறாள் என்றதும் அவனுக்கு உலகமே இருண்டுவிடுகிறது. ஏன் அப்படிக் கொண்டான்? வாலாசாவில் காண்பவரெல்லாம் அவன் அழகைப் புகழ்ந்தனர். பள்ளியில் அவன் அறிவைப் புகழ்ந்தனர். வீட்டிலோ அவன் செல்லப் பிள்ளை. அவன் செவியில் விழுந்தது புகழே மிகுதி, மறுப்பு மிகக் குறைவு. தன்னை விரும்பாத ஒருத்தி உலகில் இருக்கக்கூடும் என்பதே அவனுக்குப் பாடமாகாத ஒன்று. முதல் தோல்வியில் ஓடிவிடுகிறான். கதைப்பின்னலின் அச்சாணி இதுவே. பின்னால் வரும் கேடுகள் எல்லாம் அந்த ஓட்டத்தின் தொடர்ச்சி.

இதற்கு எதிராக வேலய்யன் தோல்வியைச் சிறு வயதிலேயே அறிந்தவன். தோழன் முந்திக் கல்லூரிக்குச் செல்ல, தான் பின்தங்கி, நாணத்தோடு மீண்டும் புத்தகத்தை எடுக்கிறான். வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு இந்நாவலில் கிடைக்கும் மதிப்பு தமிழில் வேறு எங்கும் எளிதில் கிடைப்பதன்று. சோதிடத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பித் தன் வாழ்வையும் கற்பகத்தின் வாழ்வையும் அலைக்கழிக்கும் மாலன் மூன்றாமவன். அவன் பகுதி சற்று நீண்டுவிட்டது என்பது தவிரக் கூற அதிகமில்லை.

குறைகளும் உள. பாத்திரங்கள் அனைவரும் மு.வ.வின் தூய தமிழிலேயே, மு.வ.வின் கருத்துகளையே உரையாடுகின்றனர். வாலாசாச் சிறுவனும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே குரலில் பேசினால் பாத்திரம் எங்கே தங்கும்? நடைக்காகப் படிப்போர்க்கு அது விருந்து. கதைக்காகப் படிப்போர்க்கு இடையூறு.

இன்னொன்று பேராக் வாசகர்க்கே உரிய குறை. சந்திரனுக்கு நீலகிரித் தோட்டம் ஒளிந்துகொள்ளும் இடம். பெயரும் குடும்பமும் இழந்தவன் போய்ச் சேரும் ஊர். சிலிபினைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பத்தினர்க்கோ தோட்டம் என்பது தாய் வீடு. அங்கே லயமும் பள்ளியும் கோயிலும் இருந்தன; விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றவர்க்குப் பெயர்கள் இருந்தன. கொழுந்து பறிப்பவர்கள் மு.வ.வின் கதையில் பின்னணியாகவே நின்றுவிடுகின்றனர். மாணவர் இதைக் கவனித்துச் சொன்னால் அது குற்றம் கூறுதல் அன்று, திறனாய்வு.

எல்லாவற்றினும் கவனித்துக் கற்பிக்க வேண்டியது இறுதிப் பகுதி. சந்திரனுக்குத் தொழுநோய் வருகிறது. ஒழுக்கக் கேட்டின் பயனே அந்நோய் என்று படிப்பவர் கொள்ளும்படி கதை அமைந்துவிட்டது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை 1873-இலேயே நார்வே நாட்டு ஹான்சன் கண்டார். நாவல் எழுதப்பட்ட காலத்திலேயே அதற்கு மருந்து வழங்கி வந்தது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் அது முற்றும் குணமாகிறது. நோய் நல்லவரையும் பற்றும், குழந்தையையும் பற்றும். மலேசியாவில் 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பில் தங்கள் ஊரையும் உறவையும் விட்டு வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் செய்த பாவம் யாது? அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்நாட்டு வகுப்பறைகளில் அமர்ந்திருக்கக்கூடும். 'படிப்பினை' என்னும் கட்டத்தில் தொழுநோயைத் தண்டனையாக எழுதும் விடைக்கு மதிப்பெண் இடும் கை சற்றுத் தயங்க வேண்டும்.

வள்ளியைப் பற்றி எந்தக் கட்டத்திலும் கேள்வி வருவதில்லை. கணவன் செய்த கொடுமை தாளாமல் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவ்விறப்பு சந்திரன் எவ்வளவு தாழ்ந்தான் என்பதற்கு ஒரு படியாகப் பயன்படுகிறதேயன்றி, அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை வேலய்யன் வாய்வழியே நாம் அறிவதற்கில்லை. சந்திரனுக்கு அழும் அந்தக் குரல் அவளுக்கு அவ்வளவு அழவில்லை.