அத்தைமார் துப்பறிந்தால்

ஆங்கிலக் கிராமத்துக் கொலைக் கதைகளுக்கு மவுசு இன்னும் குறையவில்லை. அகதா கிறிஸ்டி 1930இல் மிஸ் மார்ப்பிளை முதன்முதலாக நாவலுக்குள் கொண்டுவந்தார். 2003 முதல் 2006 வரை ஒளிபரப்பான ‘ரோஸ்மேரி அண்ட் தைம்’ தொடரில், தோட்டவேலை செய்யும் இரண்டு பெண்கள் துப்பறிந்தார்கள். ராபர்ட் தோரோகுட்டின் ‘தி மார்லோ மர்டர் கிளப்’ நாவலில் (2021) மூன்று பெண்கள்: 77 வயது ஜூடித், ஊரார் நாய்களை உலவக் கூட்டிப்போகும் சூசி, பாதிரியாரின் மனைவி பெக்ஸ். 2024இல் அது தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டது. பினாங்கின் டத்தோ கிராமாட்டில் இருந்துகொண்டு இவற்றை விடாமல் படித்தும் பார்த்தும் வரும் எனக்கு இந்த வகைமீது பெரிய மதிப்பு உண்டு. மனத்தாங்கலும் உண்டு.

முதலில் மதிப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘தி பாடி இன் தி லைப்ரரி’ 1942இல் வந்தது. ஒரு பெரிய வீட்டின் நூலக அறையில் இளம்பெண்ணின் பிணம் கிடக்கிறது. போலீஸ் நேரத்தையும் வண்டியையும் வாக்குமூலத்தையும் துரத்திக்கொண்டு ஓடுகிறது. மார்ப்பிள் கண்ணில் படுவது கடித்த நகங்களும் ஒரு பழைய கவுனும்தான். ஒருவனைப் பார்க்கக் கிளம்புகிற பெண் இருப்பதில் நல்லதைத்தானே உடுத்துவாள்? முடிச்சு அங்கே தளர்கிறது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பெண்களோடு பழகிய அனுபவம் வேண்டும்.

நம் அத்தைமாரிடம் இந்த அறிவு கொட்டிக் கிடக்கிறது. மார்க்கெட்டில் எதிரே வருகிறவள் கழுத்தில் தாலிக்கொடி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தால் போதும். நகை அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. ஒன்று வீட்டுக்காரருக்கு வேலை போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வட்டி முதலை வாசலுக்கு வந்திருக்க வேண்டும். எது என்பதையும் அவள் காய் வாங்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வீட்டு ஆண்கள் வம்பு என்று தள்ளிவிடும் இந்தப் பார்வையைச் சாட்சியமாக மதித்தது இந்தக் கதைவகை. அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

தமிழில் அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. நம் துப்பறியும் கதைகளில் விவேக்குக்கு ஒரு ரூபலா, நரேந்திரனுக்கு ஒரு வைஜயந்தி, பரத்துக்கு ஒரு சுசீலா. சுசீலா கெட்டிக்காரிதான். ஆனாலும் அவளுடைய டி-ஷர்ட் வாசகங்கள் வாசகர் மனத்தில் தங்கிய அளவுக்கு அவள் அவிழ்த்த முடிச்சுகள் தங்கவில்லை. நரை விழுந்த பெண் ஒருத்தி தானே வழக்கை நடத்தும் தொடருக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

இனி மனத்தாங்கல். ஒரு கொலையாளியைப் பிடிப்பதற்காக இந்தக் கதைகள் ஐந்து வீட்டுப் பெட்டிகளைத் திறந்து நடுக்கூடத்தில் கொட்டுகின்றன. ஒருவரின் கள்ள உறவு, இன்னொருவரின் கடன், மூன்றாமவர் மறைத்து வளர்த்த பிள்ளை எல்லாம் கடைசி அத்தியாயத்தில் ஊர் முன்னால் வந்துவிடுகின்றன. குற்றவாளியைக் கூட்டிப்போனதும் தேநீர் வருகிறது. குற்றம் செய்யாத மற்ற நால்வரும் மறுநாள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்கள்? எழுத்தாளருக்கு அது கவலையே இல்லை. நமக்குக் கவலை உண்டு. “பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒரு பையனோடு பார்த்தேன்” என்ற ஒரு வார்த்தையால் நம் குடும்பங்களில் பெண்களின் படிப்பு நின்றிருக்கிறது. பார்த்தது அதே கூர்மையான கண்தான். கதையில் அந்தக் கண் தவறுவதே இல்லை. வாழ்க்கையில் அது தவறும்போது விலை கொடுப்பவள் வேறொருத்தி. இந்த வகையின் ஆகப்பெரிய குறை இதுவே என்பேன்.

கைதோடு கதை முடிவதும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஜாலான் பெஞ்சாராவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சிறை இருக்கிறது. அந்த மதிலைத் தாண்டிப் போய் வருகிறவர்களுக்கு, கைதுக்குப் பிறகுதான் ஜாமீனும் வக்கீல் செலவும் பார்வை நாளும் தொடங்கும் என்று தெரியும். 2009இல் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த குகனை மலேசியத் தமிழர்கள் மறக்கவில்லை. கொலைக்குக் கட்டாயத் தூக்கு என்ற சட்டம் இங்கே 2023இல்தான் நீங்கியது. ஆகவே “போலீஸ் பார்த்துக்கொள்ளும்” என்ற நிம்மதி நமக்கு எளிதில் வராது.

கிராமத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதும் இருக்கிறது. ‘மிட்சமர் மர்டர்ஸ்’ என்ற ஆங்கிலக் கிராமத்துக் கொலைத் தொடரின் தயாரிப்பாளர் 2011இல், வேற்று இனத்தவர் இல்லாததும் தொடரின் வெற்றிக்குக் காரணம் என்ற பொருளில் பேசி இடைநீக்கம் செய்யப்பட்டார்.

பக்கத்துச் சிங்கப்பூரில் ஒவிடியா யூ இந்தக் கதவைத் திறந்துவிட்டார். ‘ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்’ (2013) நாவலில் துப்பறிபவர் உணவகம் நடத்தும் பெரானாக்கான் விதவை. அவர் பார்க்கத் தவறுவதை வீட்டுவேலைக்கு வந்த பிலிப்பினோப் பெண் நீனா பார்க்கிறாள். பெயர் என்னவோ முதலாளியம்மாவுக்கே போகிறது என்றாலும், இது உண்மையான முன்னேற்றம்.

நம்மிடம் களத்துக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்தில் ரதம் வரும் பாதையில் ஒரு தண்ணீர்ப் பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அங்கே கரண்டி பிடிக்கிறது. எந்தக் குடும்பம் யாரோடு பேசவில்லை, யார் இந்த வருஷம் காவடி எடுக்கவில்லை, ஏன் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள், குறிப்பாகப் பெண்கள், இதை எழுத முன்வர வேண்டும். கொலையாளி பிடிபட்ட பிறகும் இரண்டு அத்தியாயம் எழுதுங்கள்: ஒன்று வீணாகச் சந்தேகிக்கப்பட்டவளுக்கு, இன்னொன்று பார்வை நாளில் வரிசையில் நிற்கும் குற்றவாளியின் தாய்க்கு.