ஈவ் ஆன்லைன் விளையாட்டில் பீரங்கியும் ஏவுகணையும்

ஈவ் ஆன்லைன் என்பது ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி இணைய விளையாட்டு ஆகும். கப்பலில் பீரங்கியைப் பொருத்துவதா, ஏவுகணையைப் பொருத்துவதா என்ற வாதம் ஆட்டக்காரர்களிடையே இன்றும் ஓயவில்லை. எது அதிகச் சேதம் விளைவிக்கும் என்ற கணக்கோடு பெரும்பாலும் அந்த வாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் சண்டையின்போது ஆட்டக்காரருக்கு எந்த ஆயுதம் வேலை வைக்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

இந்த விளையாட்டில் மவுசால் குறிபார்த்துச் சுட முடியாது. இலக்கைப் பூட்டினால் பீரங்கி தானாகத் திரும்பிச் சுடும். ஆனால் அது திரும்பும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. லோயர் கேம்ப்பில் நின்று குமுளி மலைச்சாலையில் ஏறும் பேருந்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதே பேருந்து நம்மை உரசிக்கொண்டு போனால் கழுத்தை வெடுக்கெனத் திருப்ப வேண்டும். பீரங்கியின் சிக்கலும் இதுதான். நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் கப்பலின் கோண வேகம், 50 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 0.02 ரேடியன், 10 கிலோமீட்டரில் 0.1 ரேடியன். ஐந்து மடங்கு! பெரிய பீரங்கியால் அதைத் தொடர முடியாமல் குண்டுகள் வீணாகும்.

இதற்கு மாற்று வழி ஆட்டக்காரரின் கையில்தான் இருக்கிறது. சுற்றிவரும் எதிரியிடமிருந்து நேர்கோட்டில் விலகி ஓடினால், அவன் பின்னாலேயே துரத்தி வருவான். குறுக்கு வேகம் குறையும், குண்டு படும். எதிரியும் இதை அறிந்தவனாக இருந்தால் வளைந்து வளைந்து வருவான். இந்த விளையாட்டின் சுவையான பகுதி இதுவே என்பேன்.

ஏவுகணைக்குக் கோணம் ஒரு பொருட்டல்ல. எல்லைக்குள் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடும். வெடிப்பின் ஆரமும் வேகமும், இலக்கின் பருமனோடும் வேகத்தோடும் ஒப்பிடப்பட்டுச் சேதம் கணக்கிடப்படுகிறது. வெடிப்பு ஆரம் 140 மீட்டர், இலக்கின் பருமன் 35 மீட்டர் என்றால், எதிரி அசையாமல் நின்றாலும் கால்பங்குச் சேதமே விளையும். நான்கு வகைச் சேதங்களில் எதிரிக்குப் பொருந்தியதை ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஏவுகணையின் உண்மையான பலம். லேசர் பீரங்கிக்கு இந்த வசதி இல்லை. எதிரி நம் மின்னாற்றலை உறிஞ்சினாலும் ஏவுகணை நிற்காது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை நிலையத்திலிருந்து புறப்படும் முன்பே தீர்மானிக்கப்படுபவை. களத்தில் செய்ய மிஞ்சுவது குறைவு. பெரும்படைப் போரிலோ, ஏவுகணை போய்ச் சேர்வதற்குள் பீரங்கிகள் இலக்கை முடித்துவிடும்.

புதியவர்களுக்கு ஏவுகணையைப் பரிந்துரைப்பது வழக்கம். கணினி எதிரிகளோடு மோதும் பணிகளுக்கு அது சரியான யோசனைதான். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் கோண வேகம் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் ஓடிவிடும்.

நம் ஊர் மாணவர்களுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. லண்டனில் உள்ள சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் சண்டையைக் கணக்கிடுகிறது. துப்பாக்கி விளையாட்டுகளில் தோல்வியைத் தரும் கால் நொடித் தாமதம் இங்கே பெரிய குறையல்ல. விரல் வேகத்தைவிட வடிவியல் அறிவு உதவும் இடம் இது. அந்த அறிவை நேராகப் பயன்படுத்த வைப்பது பீரங்கிதான்.

2016 நவம்பர் முதல் இவ்விளையாட்டை இலவசமாகவும் ஆடலாம். விலை குறைந்த ஒரு சிறு கப்பலில் பீரங்கியைப் பொருத்தி, ஓவர்வியூ பட்டியலில் கோண வேகத்துக்கான பத்தியைச் சேர்த்துக்கொண்டு நாலைந்து சண்டைகளில் இறங்கிப் பாருங்கள். கப்பல் உடையும், அந்த எண் ஏறும்போதெல்லாம் குண்டு ஏன் படவில்லை என்பதும் விளங்கும்.