மூச்சைக் கற்பிப்போர்

உளச்சிகிச்சை நூல்கள் பெரும்பாலும் நோயாளியைப் பற்றியே பேசுவன. சிகிச்சையாளன் அவற்றில் குறையற்றவனாய் மறுகரையில் நிற்பான். ஸின்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜோன் ரீஸ்டேல் ஆகிய மூவரும் மனச்சோர்வுக்கான மனவிழிப்புச் சிகிச்சை பற்றி 2002இல் வெளியிட்ட நூல் இவ்வழக்கத்தை மீறுகின்றது. அதன் சிறப்பும் சிக்கலும் அம்மீறலிலேயே உள்ளன.

மனச்சோர்விலிருந்து தேறியோர் மீண்டும் அதில் வீழாது காக்கும் வழியைத் தேடியே மூவரும் புறப்பட்டனர். துயர் சிறிது தலைகாட்டியதும் மனம் பழைய எண்ணச் சுழலுள் இழுபடுகின்றது. அவ்வேளை கவனத்தை மூச்சின்பால் திருப்பினால், சுழலைச் சுழலென்றே கண்டுகொள்ளலாம் என்பது அவர்தம் கருத்து. (மேனாட்டார் இப்பயிற்சியை அறிந்த வாயில்களுள் ஒன்று, 1954இல் கொழும்பில் வெளிவந்த ஞானபோனிக தேரரின் ஆங்கில நூல் என்பதை நம்மவர் பலர் அறியார்.) இதனை நோயாளிக்குக் கற்பிக்கும் மற்றுமொரு உத்தியாகவே அவர்கள் முதலில் கருதினர். ஆயின் 1979இல் ஜோன் கபாட்-சின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நிலையத்திற்குச் சென்றபோது, அங்கு கற்பிப்போர் தாமே இப்பயிற்சியில் ஊறியவர்களாயிருக்கக் கண்டனர். பிறர் துயரைத் தீர்த்துவைக்க அவசரப்படாது அதனோடு அமர்ந்திருக்கும் ஆற்றல் அவர்கட்கு அதனால் வாய்த்ததென உணர்ந்து, தாமும் பயிலத் தொடங்கினர். ஆய்வாளர்கள் தம் முதற் திட்டத்தின் போதாமையை இத்துணை வெளிப்படையாக எழுதுவது அரிது.

மூச்சைக் கவனிக்கும்படி சொல்வது எளிது. பின்னர் நிகழும் உரையாடலிலேயே சிகிச்சையாளனின் தரம் தெரியும். "எனக்கு அமைதியே வரவில்லை" என ஒருவர் சொன்னால், புதியவன் உடனே ஆறுதல் கூறுவான். "அது உடலில் எங்கு தெரிந்தது?" எனப் பொறுமையாய் வினவுதற்கு, தன் அமைதியின்மையோடு பல மாதங்கள் அமர்ந்திருந்தவனாலேயே இயலும்.

பயன் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மும்முறையோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தோருள், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 வீதத்தினர் மீண்டும் வீழ்ந்தனர். பயிற்சியும் பெற்றவர்களில் 37 வீதத்தினரே வீழ்ந்தனர். இருமுறை மட்டும் நோயுற்றோர்க்கு அப்பயன் கிட்டவில்லை. பிரித்தானியப் பாடசாலைகளில் 8000க்கு மேற்பட்ட மாணவரிடையே நடந்து 2022இல் வெளியான ஆய்வோ, ஆசிரியர்கள் முதலில் தாம் பயின்று பின்னர் கற்பித்தபோதும், வழமையான பாடத்திலும் மேலான பயனைக் காணவில்லை. எல்லோர்க்கும் இதுவே மருந்தெனக் கூவி விற்போர் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது நன்று.

றொனால்ட் பேர்சர் 2019இல் எழுதிய நூலொன்றில், சமுதாயம் விளைத்த துயரைத் தனிமனிதன் தலையிலே சுமத்தும் வாணிபமென இவ்வியக்கத்தைச் சாடினார். தொழிலாளரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு மூச்சுப் பயிற்சி வழங்கும் கம்பனிகளைப் பொறுத்தவரை அது முற்றும் உண்மை. ஆனால் நான்காம் முறை இருளுள் வீழவிருக்கும் ஒருத்தியிடம், சமுதாயம் மாறும்வரை பொறுத்திரு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு?

மூவர் நூலில் நான் காணும் குறை வேறு. எட்டு வாரங்கள் வகுப்பு. நாள்தோறும் முக்கால் மணிநேரமளவு வீட்டுப் பயிற்சி. இரவில் அலுவலகம் கூட்டிப் பகலில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு அந்நேரம் எங்கிருந்து வரும்? கட்டணம் செலுத்தி ஆண்டுக்கணக்கிற் பயில, அரசாங்க மருத்துவமனையில் நோயாளர் வரிசையோடு மல்லாடும் சிகிச்சையாளனுக்கு எவ்வாறு இயலும்? 2013இல் வந்த இரண்டாம் பதிப்பில் வினவும் முறை பற்றியும் பரிவு பற்றியும் புதிய அதிகாரங்கள் உள. நேரத்திற்கும் கூலிக்கும் ஓர் அதிகாரம் இல்லை.